கிருமியை விடுங்கள், ஜனங்களைப் பிடியுங்கள்!

கொள்ளைநோய் வந்தால் அரசாங்கத்துக்கு இரண்டு எதிரிகள். முதல் எதிரி கிருமி. கண்ணுக்குத் தெரியாது. சம்மன் அனுப்பினால் வாங்காது. லத்தி அதன்மேல் படவே படாது. இரண்டாவது எதிரி நீங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிவீர்கள், வண்டியில் நம்பர் பிளேட் வேறு மாட்டியிருப்பீர்கள். நீங்களே கலெக்டராக இருந்தால் யாரைப் பிடிப்பீர்கள், சொல்லுங்கள்?

இந்தச் சவுகரியத்தை முதலில் சட்டமாக எழுதி வைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1896-ல் பம்பாயில் பிளேக். மறு வருஷம் பிப்ரவரி 4-ஆம் தேதி தொற்றுநோய்ச் சட்டம் தயார். மொத்தமே நாலு பிரிவு. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அதைவிட நீளம். முதல் பிரிவு, சட்டத்தின் பெயர். இரண்டாவது, அரசாங்கம் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மூன்றாவது, கேட்காதவனுக்குத் தண்டனை. நாலாவது, நல்லெண்ணத்தில் செய்த அதிகாரிமேல் யாரும் கேஸ் போட முடியாது. மருந்து பற்றி ஒரு சொல் கிடையாது. ஆஸ்பத்திரி மட்டும் ஒரு இடத்தில் வருகிறது, ஆளைப் பிடித்து அடைத்து வைக்கும் இடமாக!

இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிய பெருமை புனேயில் பிளேக் கமிட்டித் தலைவராக இருந்த டபிள்யூ. சி. ராண்ட் ஐ.சி.எஸ். என்பவரையே சேரும். மனிதர் லஞ்சம் வாங்கவில்லை, லீவு போடவில்லை. பட்டாளத்துச் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் புகுந்தார். அடுப்படி, பூஜையறை எதுவும் பாக்கியில்லை. நோயாளி இருந்தால் முகாமுக்கு, தட்டுமுட்டுச் சாமான் நெருப்புக்கு. ஊரே கொதித்தது. ராண்ட் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனால் அது நாலு பிரிவில் எதிலும் இல்லையே!

ஜூன் 22. விக்டோரியா மகாராணியின் வைரவிழா விருந்து. முடிந்து திரும்பும் வழியில் சாப்பேக்கர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். ஜூலை தொடக்கத்தில் இறந்துபோனார். அத்தனை பிளேக் வீடுகளில் ஏறி இறங்கியும் நோய் அவரைத் தொடவில்லை. நிர்வாகம்தான் தொட்டது.

அதே வருஷம் ஜனவரியில், அதே பம்பாய் மாகாணத்தில், வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். ஊருக்குக் குத்துமுன் தனக்குக் குத்திக்கொண்ட மனுஷன்! அவருக்குப் பட்டாளம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சரி, தர்மபுரி மாவட்டத்தில் இருக்கும் நம்ம பாப்பிரெட்டிப்பட்டிக்கு வருவோம். அப்போது தர்மபுரி மாவட்டம் என்று ஒன்று கிடையாது. அது சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2-ல்தான். சேர்வராயன் மலைக்குக் கீழே, வாணியாற்றங்கரைப் பக்கம், பொம்மிடி ரயிலடியை நம்பிய ஊர். அங்கிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போன ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேர் எதுவும் வேண்டாம், 'நம்மாள்' என்றே வைத்துக்கொள்வோம். 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குப் பிளேக் வந்துவிட்டது. நம்மாள் மூட்டையைக் கட்டுகிறார். சென்னை மாகாணம் அவருக்கு ஒரு சீட்டை நீட்டுகிறது. பிளேக் பாஸ்போர்ட்!

நோய் உள்ள ஊரிலிருந்து வருகிறவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே போகிறேன் என்று விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊர் சேர்ந்ததும் பத்து நாள் தினம் தினம் போய் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். ரயிலடியில் மூன்றாம் வகுப்புப் பயணிகளை வரிசையில் நிறுத்திச் சோதனை. முதல் வகுப்புத் துரைமார்களுக்குப் பெட்டியிலேயே, உட்கார்ந்த இடத்திலேயே, மரியாதையான ஒரு பார்வை. பிளேக் எலியின் தெள்ளுப்பூச்சியும் டிக்கெட் பார்த்துத்தான் கடிக்கும் என்று யாரோ மேலே சொல்லியிருக்க வேண்டும்.

நூற்றிச்சொச்சம் வருஷம் கழித்து, 2020-ல், நம்மாளின் கொள்ளுப்பேரன் அதே பெங்களூரிலிருந்து, இந்தத் தடவை கட்டட வேலையை விட்டுவிட்டு, ஓசூர் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் நிற்கிறான். கையில் செல்போன். செல்போனில் இ-பாஸ். எங்கே போகிறாய், ஏன் போகிறாய், விலாசம் என்ன? அதே கேள்விகள்! முன்னேற்றம் இல்லை என்று யார் சொன்னது? கொள்ளுத்தாத்தாவுக்கு சர்வர் டவுன் ஆகவில்லை.

இதற்கெல்லாம் முன்பே ஊருக்கென்று ஒரு ஊரடங்கு இருந்தது. அதற்கு ராண்டும் தேவைப்படவில்லை, ரப்பர் ஸ்டாம்பும் தேவைப்படவில்லை. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை. அதுதான் நோட்டீஸ். வெளியாள் படி ஏறக்கூடாது. தாளிக்கக்கூடாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டுக்காரர்கள் விசேஷங்களுக்குப் போகக்கூடாது. அபராதம்? ஒரு பைசா இல்லை. ஆத்தா கோவிச்சுக்குவா, அவ்வளவுதான். எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் கொட்டகை போட்டுக்கொள்வதும் நடந்தது. கதவை உடைத்துக் களைத்துப்போன சர்க்கார், கடைசியில் இந்த வெளியேற்றத்தையே பிளேக்குக்கு நல்ல வழி என்று தானும் எடுத்துக்கொண்டது. ஐடியா ஊருடையது, கோப்பு நம்பர் சர்க்காருடையது.

உடனே 'முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' என்று வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பிக்காதீர்கள். அதே முன்னோர்கள்தான் அம்மை குத்த வந்த ஆளைத் தெருமுனையில் பார்த்ததும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடியவர்கள். கோயம்புத்தூரில் பிளேக்குக்கு ஒரு மாரியம்மன் வந்தாள், இன்றைக்கும் இருக்கிறாள். 2021-ல் அதே கோவை இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். ஆத்தா நம்மைவிட வேகமாக அப்டேட் ஆகிறாள்.

தர்மபுரிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. வெளியூர்க்காரர்கள் பாப்பிரெட்டிப்பட்டியையும் பாப்பாரப்பட்டியையும் போட்டுக் குழப்புவார்கள். ஒன்று அரூர் பக்கம், மற்றது பென்னாகரம் பக்கம். அந்தப் பாப்பாரப்பட்டியில்தான் 1925 ஜூலையில் சுப்பிரமணிய சிவா கண்ணை மூடினார். 1908-ல் வ.உ.சி.யோடு கைதாகி, 1912-ல் வெளியே வந்தவர். உள்ளே போகும்போது இல்லாத ஒரு வியாதியும் கூடவே வந்தது. தொழுநோய். சிறைச்சாலையே கொடுத்த நோய்க்கு, சர்க்காரே ஒரு தடையும் போட்டது. தொற்றுநோய்க்காரர் ரயிலில் ஏறக்கூடாது!

பொதுநலன் காக்கும் விதி என்று சொல்லலாம். இந்த மனிதரைக் கூட்டங்களிலிருந்து தள்ளி வைக்க இதைவிட வசதியான விதி கிடைக்காது என்று யாராவது ஒரு துரை சிரித்தும் இருக்கலாம். சிவா என்ன செய்தார்? நடந்தார். ரயிலில் போயிருந்தால் ஸ்டேஷன் உள்ள ஊர்களில் மட்டும் பேசியிருப்பார். ரயில் இல்லை என்றதும், ரயிலே போகாத ஊர்களிலும் நின்று நின்று பேசிக்கொண்டு போனார். ஒரு பிரசங்கியை ஊரெல்லாம் பரப்ப வேண்டுமா? டிக்கெட்டை மறுத்தால் போதும். இன்றைக்குக் கோபாலபுரம் சர்க்கரை ஆலைக்கு அவர் பெயர். கரும்பு லாரி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் நடந்தே திரிந்த கதை தெரியும் என்பது வேறு விஷயம்.

இப்போது உலகத் தொற்றான ஃப்ளூவுக்கு வருவோம். 1918 ஜூன் 10. பம்பாய்த் துறைமுகத்தில் காவல் நின்ற ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கவனித்தீர்களா? ஒழுங்கைக் காப்பாற்ற நிறுத்தப்பட்டவர்கள்தான் முதலில் படுத்தார்கள். கப்பலில் வந்த கிருமி, கேட்டில் நின்றவரையே கேட்காமல் உள்ளே போய்விட்டது.

பிறகு ரயில் ஏறியது. இந்தியாவில் இறந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனை மேல் என்பதில்தான் சண்டை. 1921 கணக்கெடுப்பில், இன்றைய இந்திய எல்லைக்குள் மக்கள்தொகையே 1911-ஐ விடக் குறைந்து நின்றது. பம்பாய் மாகாணமும் மத்திய மாகாணமும் வாங்கிய அடியை நம் சென்னை மாகாணம் வாங்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் நாலு பிரிவுச் சட்டம் எங்கே? கதவை உடைத்த பட்டாளம் எங்கே? பட்டாளமும் டாக்டர்களும் உலகப் போரில். சட்டம் அலமாரியில். புனேயில் சூடு பட்டதிலிருந்து சர்க்காருக்கு ஒரு தெளிவு பிறந்திருந்தது: வீட்டுக்குள் நுழைந்தால் வம்பு. ஆகவே காற்றோட்டமாகத் தூங்குங்கள், கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று புத்திமதி சொல்லிவிட்டு ஒதுங்கியது. கஞ்சி ஊற்றியதும் மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் ஜாதிச் சங்கங்கள், சேவா சங்கங்கள், தெருப் பையன்கள். இருபத்தோரு வருஷத்தில் ஒரு சர்க்கார் 'எல்லாம் நானே' என்பதிலிருந்து 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு ஸ்டேஷன் இருந்திருக்கும், அங்கே வண்டி நிற்கவேயில்லை.

காந்திக்கு அந்த ஃப்ளூ வந்தது என்று 2020-ல் நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்தேன். நம்பாதீர்கள். 1918 ஆகஸ்டில் மகாத்மாவைப் படுக்கையில் தள்ளியது உலகத் தொற்று இல்லை, உள்ளூர்ப் பண்டிகை. கேடா பக்கம் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்து அலைந்துகொண்டிருந்தார். ஆமாம், அகிம்சைக்காரர்தான், பட்டாளத்துக்குத்தான்! ஏற்கெனவே வயிறு சரியில்லை. பண்டிகையன்று கஸ்தூரிபாய் செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியைக் கண்டார். கொஞ்சம்போல என்று ஆரம்பித்தவர், வேண்டிய மட்டும் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் சீதபேதி. மறைத்தாரா என்றால் இல்லை, சுயசரிதையில் தானே எழுதி வைத்துவிட்டார்.

கதை அங்கே முடியவில்லை. உடம்பு தேறப் பால் குடித்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர். பாலே தொடுவதில்லை என்பது காந்தியின் விரதம். கஸ்தூரிபாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விரதம் எடுத்தபோது நினைத்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் கணக்கில் வராதே? மகாத்மா குடித்தார். சொல்லைக் காப்பாற்றினேன், உட்பொருளைக் கைவிட்டேன் என்று கடைசிவரை உறுத்திக்கொண்டும் இருந்தார். விதி எழுதியவரே ஓட்டை வழியாக நுழைந்தார் என்றால், 2020 ஊரடங்கில் பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே டீ ஆற்றியவரை நாம் ரொம்பத் திட்டமுடியாது. நமக்கு உறுத்தல் மட்டும் கொஞ்சம் கம்மி.

அமெரிக்காக்காரர்கள் மட்டும் யோக்கியமா? அதே 1918-ல் சான் பிரான்சிஸ்கோவில் முகக்கவசம் கட்டாயம். போடாதவனுக்கு அபராதம், சில பேருக்கு ஜெயில். சட்டத்தில் கையெழுத்துப் போட்ட மேயர் ஜேம்ஸ் ரால்ஃப், குத்துச்சண்டை பார்க்கப் போனார். போட்டோக்காரர் படமெடுத்தார். படத்தில் மூக்கு, வாய், மீசை எல்லாம் துல்லியம். சொந்தப் போலீஸ் அவருக்கு 50 டாலர் போட்டது. பக்கத்தில் இருந்த சுகாதார அதிகாரிக்கு 5 டாலர். சட்டம் எல்லோருக்கும் சமம்தான், பதவிக்கேற்ற விகிதத்தில்.

ஃப்ளூ அடித்த அந்தச் சமயம் சேலம் நகராட்சித் தலைவர் யார் தெரியுமா? வக்கீல் சி. ராஜகோபாலாச்சாரி, அதாவது ராஜாஜி. 1917 முதல் 1919 வரை. கருப்புக் கண்ணாடி போட்ட இந்த மனிதருக்கு ஜனங்களைத் திருத்துவதில் ஒரு தனி ஆசை. 1937-ல் மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கைத் தொடங்க ஒரு மாவட்டம் வேண்டியிருந்தது. மொத்த மாகாணத்தையும் விட்டுவிட்டுச் சொந்த சேலத்தையே பிடித்தார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் கள்ளும் இல்லை, சாராயமும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டியும் அதில் அடக்கம். தலைவர் நம்ம ஊர்க்காரர் என்று சந்தோஷப்படுவதில் இப்படி ஒரு அபாயம் உண்டு. கள்ளு வருமானம் போனதற்கு ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி. குடிக்காதவனும் கட்டினான்.

அதே 1939-ல் அவர் ஆட்சியில் இன்னொரு சட்டமும் வந்தது. சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். நாட்டிலேயே முதல். சாக்கடை, குடிநீர், தொற்றுநோய் என்று உருப்படியான காரியங்கள் உள்ளே இருந்தன. 2020 செப்டம்பரில் அதைத் தூசி தட்டித் திருத்தி, மாஸ்க் போடாவிட்டால் 200 ரூபாய், துப்பினால் 500 என்று சேர்த்தார்கள். இந்த 200-ஐ எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? 1860-ல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டம், பிரிவு 188. உத்தரவை மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். 1860-ல் 200 ரூபாய் என்றால் குடும்பத்தை விற்றாலும் தேறாது. 2020-ல் ஒரு பிரியாணிக்குக் கொஞ்சம் மேலே. விலைவாசி எட்டிப்பார்க்காத ஒரே இடம் அதுதான்.

2020-ஐ நீங்களே பார்த்தீர்கள். ஆனாலும் சிலதை மறந்திருப்பீர்கள். அந்த வருஷத் தொடக்கத்தில் மத்திய மந்திரி ராம்தாஸ் அதாவலே, 'கோ கொரோனா, கொரோனா கோ' என்று கோஷம் போட்டே விரட்டினார். அக்டோபரில் அவருக்கே வந்தது. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரலில் இது பணக்காரர்களுக்கு வந்த வியாதி என்றார். வியாதிக்குக் காது கேட்டிருக்க வேண்டும், ரேஷன் கார்டு இருப்பவர்களையும் தேடி வந்தது. 'விழித்திரு, விலகியிரு, வீட்டிலிரு' என்றது தமிழ்நாடு. போனைப் போட்டால் முதலில் யாரோ இருமினார்கள். கடைகள் காலை 6 முதல் பகல் 1 மணி வரை. ஒன்றேகாலுக்குத்தான் கிருமி டியூட்டிக்கு வரும்போல.

தர்மபுரி மாவட்டத்தில் ஏப்ரல் பாதி தாண்டும்வரை ஒரு தொற்றுகூட இல்லை. ஒரு சாராருக்கு இதில் பெருமை. தொழிற்சாலை இல்லை, ஏர்போர்ட் இல்லை, வெளிநாட்டு மாப்பிள்ளை இல்லை என்று வருஷக்கணக்காகப் புலம்பியதெல்லாம் ஒரு மாதத்துக்குத் தகுதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் பல கிராமங்கள் ஊர் எல்லையில் முள்ளை வெட்டிப்போட்டு வெளியாட்களைத் தடுத்தன. எந்தச் சட்டம் சொல்லியும் இல்லை. பழைய வேப்பிலை நோட்டீஸின் பெரிய சைஸ் அது.

கூட்டம் கூடாமலிருக்க அரசு போட்ட திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஏப்ரல் 26. சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள், சேலத்திலும் திருப்பூரிலும் மூன்று நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். நடுவில் ஒரே நாள் அவகாசம். அந்த ஒரு நாளில், அதுவரை வீட்டில் சமத்தாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காய்கறிக் கடை வாசலில் தோளோடு தோள் நின்றார்கள். கிருமி தானாக இவ்வளவு கூட்டத்தைச் சேர்த்திருக்க முடியாது.

திருப்பூர்ப் போலீஸ் ட்ரோனைப் பறக்கவிட்டது. கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் அலறி ஓடினார்கள். ஒருவன் கேரம் போர்டையே தலைக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு ஓடினான். போலீஸே அதைக் காமெடி வீடியோவாக்கி விட்டது, நாடே பார்த்தது. மே 7-ல் டாஸ்மாக் திறந்தார்கள். முதல் நாள் விற்பனை 170 கோடிக்கு மேல். அதே திருப்பூரில் கலெக்டர் ஒரு உத்தரவு போட்டார்: மது வாங்க வருகிறவர் குடையோடு வரவேண்டும். குடை விரித்தால் இடைவெளி தானாக வரும்! மே மாத வெயிலில், ஆளுக்கொரு குடையோடு, அடி பிசகாமல், சொன்ன இடத்தில் சொன்னபடி நின்றார்கள் நம்மவர்கள். தமிழன் சட்டத்தை மதிக்கமாட்டான் என்று எவன் சொன்னது? எதிரில் என்ன கடை என்பதைப் பொறுத்தது. ராஜாஜி மேலிருந்து பார்த்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

சிரிக்க முடியாத இரண்டையும் சொல்லிவிட வேண்டும். ஏப்ரல் 19 இரவு, சென்னையில், கொரோனாவில் இறந்த ஒரு டாக்டரைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தது. அதற்கு அதிகாரி பொறுப்பில்லை, நாம்தான். ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தார்கள் என்ற வழக்கில் ஒரு அப்பாவையும் மகனையும் போலீஸ் கொண்டுபோனது. நாலு நாளுக்குள் இருவரும் உயிரோடு இல்லை. நூற்றி இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் புனேயில் நடந்ததை யாரும் பாடமாக எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் கடை நேரம் மட்டும்தான் குறித்துக்கொண்டிருப்பார்கள்.

டாக்டர் விஷயத்தில் மட்டும் ஒரு பலன். அந்த மாதமே அவசரச் சட்டம் போட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்து வருஷம் வரை சிறை என்று 1897 சட்டத்தைத் திருத்தினார்கள். பிறந்து நூற்றி இருபத்து மூன்று வருஷம் கழித்து, அந்தத் தொற்றுநோய்ச் சட்டத்துக்குள் முதல் தடவையாக டாக்டர் நுழைந்தார். அதுவும் அடிபட்டபிறகு.

அடுத்த ஃப்ளூ எப்போது என்று யாருக்கும் தெரியாது. திட்டம் மட்டும் தயார். நாலு பிரிவுச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 188 என்ற நம்பர் 223 ஆகிவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் குறித்துக்கொள்ளவும்: அபராதம் 200 இல்லை, 2,500 வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 5,000. குடை உங்களுடையது.